சேலம் சந்தையின் ஐஸ் பெட்டியில் நான்கு ஒட்டுண்ணிகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

சேலத்துக்கு மிக அருகிலுள்ள கடற்கரைகளில் ஒன்றான கடலூருக்குப் போவதற்கே சாலை வழியாக ஏறத்தாழ 200 கிலோமீட்டர் கடக்க வேண்டும். இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு கடல்மீன்களின் ஒட்டுண்ணிகளை ஆராய்வது பொருத்தமா என்று கேட்பவர்கள் உண்டு. ஜன்னல் வழியே தெரியும் சேர்வராயன் மலையைக் காட்டி, அங்கே பார்க்கப்படாத உயிர்கள் ஆயிரம் இருக்கின்றனவே என்று சொல்பவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான். கடலூர்த் துறைமுகத்தில் நிற்பவர் கிழக்குக் கடலின் மீனை மட்டும் பார்க்கிறார். விடியற்காலையில் சூரமங்கலம் மீன் சந்தையில் நிற்பவர் முன்னால் வங்கக் கடலும் அரபிக் கடலும் ஒரே தரையில் இறக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. இந்த வசதியே எவ்வளவு பெரிய இடர்ப்பாடு என்பதைச் சென்ற ஆண்டு மே மாதம் தொடங்கிய ஒரு நிகழ்வு எங்களுக்குக் காட்டியது. அதை நடந்த வரிசையிலேயே இங்கே பதிவு செய்கிறேன்.

கிடைத்தவை

எங்கள் துறையின் முதுகலை மாணவி ஒருவர் வீட்டுக்கு மீன் வாங்கச் சென்றிருந்தார். சந்தை வாசலில் மீன் அரிந்து கொடுக்கும் அம்மா, அருவாமனையில் கானாங்கெளுத்தியின் செவுளைக் கிழித்து எடுத்தபோது, அதனோடு கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே நீண்ட, பால்நிறமான ஒரு பூச்சியும் வந்து விழுந்தது. மாணவி அதைக் கையில் எடுத்ததைப் பார்த்துவிட்டு, “அது பூச்சி கண்ணு, இந்த மீனு செவுள்ல இருக்கும். கழுவிட்டாப் போதும், ஒண்ணும் பண்ணாது” என்றிருக்கிறார் அவர். அந்த அம்மா சொன்னது முழுக்கச் சரி. மீன்களின் மீது வாழும் இந்த ஐசோபாட் வகை ஒட்டுண்ணிகள் மனித உடலில் தங்கி வாழ்வதில்லை. மீனைச் சமைத்து உண்பவருக்கு இவற்றால் நோய் வருவதில்லை.

மாணவி அன்று நான்கு மாதிரிகளைக் கொண்டுவந்தார். முதல் மீனின் செவுள் அறையில் பெரியது ஒன்றும் சிறியது ஒன்றும் இருந்தன. பெரியதன் உடல் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டிருந்தது. சிறியது நேராக இருந்தது. இரண்டாவது மீனிலிருந்து கிடைத்ததும் பெரியதே, ஆனால் அது எதிர்ப்பக்கமாக முறுக்கியிருந்தது. நான்காவது மட்டும் எந்த மீனிலிருந்தும் எடுக்கப்படவில்லை. கானாங்கெளுத்தி, சாளை, பாரை எனப் பல மீன்கள் கலந்து கிடந்த தெர்மாகோல் பெட்டியின் அடியில், உருகிய ஐஸ் நீரில் அது தனியே கிடந்திருக்கிறது.

கோடை விடுமுறை என்பதால் மாதிரிகளைக் கெடாமல் காக்கும் எத்தனால் ஆய்வகத்தில் அன்று இல்லை. அலமாரியில் இருந்த ஃபார்மலினில் நான்கையும் நானே போட்டு மூடினேன். அது என் தவறு, அதன் விளைவைப் பின்னால் சொல்கிறேன்.

இந்த உயிர்களைப் பற்றிச் சில சொற்கள்

நண்டு, இறால் போன்ற ஓட்டுடலிகளில் ஐசோபாட் என்ற வரிசை ஒன்று உண்டு. ஈரமான சுவரோரத்தில், பூந்தொட்டியின் அடியில் நாம் காணும் மரப்பேன் அந்த வரிசையைச் சேர்ந்ததே. அதில் சிமோதோயிடே என்ற குடும்பத்தில் 350-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை கடல்மீன்களைப் பற்றி வாழ்பவை. சில மீனின் தோல் மீதும் துடுப்படியிலும், சில வாய்க்குள்ளும், சில செவுள் அறையிலும் இடம் பிடிக்கின்றன. இன்னும் சில தசைக்குள் பை போன்ற குழியில் வாழ்கின்றன. மெக்சிகோவின் மேற்கே கலிபோர்னியா வளைகுடாவில் மீனின் நாக்கைச் சிதைத்து, அந்த நாக்கு இருந்த இடத்தில் தானே அமர்ந்துகொள்ளும் சிமோதோவா எக்ஸிகுவா பற்றி 1983-இல் வெளிவந்த கட்டுரைதான் இக்குடும்பத்தை உலகறியச் செய்தது. நம் கடலில் கருவாவலின் வாய்க்குள் சிமோதோவா எரெமிட்டா என்ற சிற்றினம் உண்டு. 1783-லேயே பெயர் பெற்ற அதை, வாவல் மீன் வாங்கும் யாரும் வாயைத் திறந்து பார்த்தால் ஒரு நாள் காணக்கூடும்.

இக்குடும்பத்தின் வாழ்க்கையில் வகைப்பாட்டாளரை வழி தவறச் செய்யும் இரண்டு செய்திகள் உள்ளன. முதலாவது, இவை ஆணாகத் தொடங்கிப் பெண்ணாக முடிபவை. மீனைப் பற்றிக்கொள்ளும் இளம் உயிர் முதலில் ஆணாக முதிர்கிறது. பிறகு தோலுரித்து, இடைநிலை கடந்து, பன்மடங்கு பெரிய பெண்ணாகிறது. அருகிலேயே ஒரு பெண் இருக்கும்வரை ஆண் ஆணாகவே தங்கிவிடுவதாகக் கருதப்படுகிறது. ஆகவே ஒரே மீனில் காணும் பெரியதும் சிறியதும், உருவம் எவ்வளவு வேறுபட்டாலும், ஒரே சிற்றினத்தின் இணையாக இருப்பதே இயல்பு. இரண்டாவது, தாயின் வயிற்றடிப் பையிலிருந்து வெளிவரும் குஞ்சுக்கு ஆறு இணைக் கால்களே இருக்கும். ஏழாவது இணை பின்னர்தான் வளரும். மான்கா எனப்படும் இந்தப் பருவத்தை அறியாதவர், முதிர்ந்த உயிருக்கு ஏழிணைக் கால்கள் என்று படித்துவிட்டு இதைப் பார்த்தால் திகைத்துப்போவார். எங்கள் மாணவியும் முதல் மாதிரியின் பையைத் திறந்து குஞ்சுகளின் கால்களை எண்ணிய அன்று இரவு எட்டு மணிக்கு என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

புதியது என்று நினைத்ததற்கான காரணங்கள்

முறுக்கிய உடலும், செவுள் அறையில் வாழ்வதும், கானாங்கெளுத்தியை ஓம்புயிரியாக, அதாவது ஒட்டுண்ணியைத் தாங்கும் உயிராகக் கொண்டதும் நோரிலேகா என்ற பேரினத்தைச் சுட்டின. இப்பெயருக்கு ஒரு கதை உண்டு. 1818-இல் ஆங்கிலேய விலங்கியலாளர் வில்லியம் எல்ஃபோர்டு லீச், இந்த உயிர்களுக்குப் பெயரிடும்போது காரோலின், காரோலினா என்ற பெண்பெயர்களின் எழுத்துகளை மாற்றி மாற்றி அடுக்கி நெரோசிலா, அனிலோக்ரா, ஒலென்சிரா முதலிய பேரினப் பெயர்களை உண்டாக்கினார். அந்தக் காரோலின் யார் என்பதை அவர் எழுதி வைக்கவில்லை. 1990-இல் நீல் புரூஸ் ஒரு புதிய பேரினத்தை நிறுவியபோது அந்த மரபைத் தொடர்ந்து அதே எழுத்துகளிலிருந்து நோரிலேகா என்ற பெயரை அமைத்தார். அதில் அடங்கும் நோரிலேகா இண்டிகா, 1840-இல் ஹென்றி மில்னே எட்வர்ட்ஸ் வேறொரு பேரினத்தில் வைத்து விவரித்த பழைய சிற்றினம். கானாங்கெளுத்தியின் செவுளில் அது வாழ்வது தமிழகக் கடற்கரையிலும் பதிவாகியுள்ளது. 2020-இல் இதே பேரினத்தில் இந்தியாவிலிருந்து ஒரு புதிய சிற்றினமும் விவரிக்கப்பட்டது. பழைய பெயர் ஒன்றிருக்க, புதிய பெயருக்கும் இடமிருக்கிறது என்பதே, கிடைத்தது புதிய சிற்றினம் என்ற மாணவியின் நம்பிக்கைக்கு அடித்தளம்.

அவர் மூன்று காரணங்களை எழுதிக்கொண்டு வந்தார். தம்மிடமிருந்த நோரிலேகா இண்டிகாவின் வரைபடத்தில் உயிர் வலப்பக்கம் முறுக்கியிருக்க, இரண்டாம் மாதிரி இடப்பக்கம் முறுக்கியிருந்தது. சிறிய மாதிரியின் உடல் அறவே முறுக்கமின்றி, வால்தகடும் வேறு வடிவில் இருந்தது. பெரிய மாதிரிகள் இரண்டிலும் வால்தகட்டின் பின்விளிம்பு வரைபடத்தில் உள்ளதுபோல் சீராக வளையாமல் நடுவில் பள்ளமாக இருந்தது.

இவற்றில் சிறிய மாதிரியைப் பற்றியது உடனே விழுந்தது. மேலே சொன்னபடி அது ஆண். மற்ற இரண்டையும் அப்படித் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. செவுள் அறை ஒரு குறுகிய, சாய்வான இடம். அதற்குள் வளரும் உயிரின் உடல் அந்த இடத்துக்கேற்ப வளைகிறது. இட அறையில் வளர்ந்தது ஒரு பக்கமும் வல அறையில் வளர்ந்தது மறுபக்கமும் முறுக்கிக்கொள்ளும் என்பது செவுளில் வாழும் சிமோதோயிட்களில் பொதுவாக அறியப்பட்டதே. அப்படியானால் முறுக்கின் திசை சிற்றினப் பண்பாகாது. ஆனால் அதை எங்கள் மாதிரிகளில் உறுதிசெய்ய வேண்டுமென்றால், எது எந்தப் பக்கச் செவுளிலிருந்து எடுக்கப்பட்டது என்பது தெரிய வேண்டும். சந்தையில் அதை யாரும் குறித்து வைக்கவில்லை. வால்தகட்டின் பள்ளமோ, ஐஸ் கட்டிகளின் அடியில் பல மணிநேரம் நசுங்கிக் கிடந்ததால் வந்ததா, பிறவியிலேயே உள்ளதா என்பதைச் சொல்ல மேலும் மாதிரிகள் தேவைப்பட்டன. மரபணுவைப் பார்த்துத் தீர்மானிக்கலாம் என்றால், ஃபார்மலினில் ஊறிய திசுவிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுப்பது மிகக் கடினம். என் தவறு இங்கே வந்து நின்றது.

எந்தக் கடல்?

புதிய சிற்றினத்தை விவரிப்பது என்பது படம் வரைந்து பெயர் சூட்டுவது மட்டுமன்று. விலங்கியல் பெயரீட்டுக்கான பன்னாட்டு விதித்தொகுப்பின் நான்காம் பதிப்பு 2000 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி, புதிய பெயரோடு முதன்மை வகைமாதிரி, அதாவது அந்தப் பெயருக்கு ஆதாரமான மாதிரி எது என்பதைத் தெளிவாகக் குறிப்பிட்டு, அது எந்தச் சேகரிப்பில் வைக்கப்படும் என்பதையும் கூற வேண்டும். மின்னிதழில் மட்டும் வெளியிடுவதானால் விலங்குப் பெயர்களுக்கான ஜூபேங்க் என்ற இணையப் பதிவேட்டில் பதிவு செய்வது 2012 முதல் கட்டாயம். இந்தியாவில் 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டப்படி, புதிதாகக் கண்டறியப்பட்ட உயிரினத்தைப் பற்றி அதற்கென அறிவிக்கப்பட்ட காப்பகத்துக்குத் தெரிவித்து, சான்று மாதிரியையும் அங்கே ஒப்படைக்க வேண்டும். இவையெல்லாம் உழைத்தால் நிறைவேற்றக்கூடியவை. எங்களைத் தடுத்து நிறுத்தியது வகையிடம் என்ற ஒரே கேள்விதான்.

வகைமாதிரி எங்கே கிடைத்ததோ அந்த இடம் வகையிடம். அப்படியானால் எங்கள் உயிரின் வகையிடம் சூரமங்கலமா? விதித்தொகுப்பின் 76.1.1 என்ற பிரிவு இதற்கு நேராகவே பதில் சொல்கிறது: மாதிரி செயற்கை வழியில் கொண்டுசெல்லப்பட்ட பின் சேகரிக்கப்பட்டிருந்தால், அதன் இயற்கையல்லாத பயணம் எங்கே தொடங்கியதோ அதுவே வகையிடம். லாரியில் ஐஸ் பெட்டிக்குள் வந்த மீனுக்கு இதைவிடப் பொருத்தமாக எழுதப்பட்ட விதி இருக்க முடியாது. ஆனால் விதி சொல்லும் அந்தத் தொடக்கத்தை நாங்கள்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

பெட்டியின் மேல் கடலூர் முதுநகர் என்று மை எழுத்து இருந்ததை மாணவி படமெடுத்து வைத்திருந்தார். அதைச் சான்றாகக் கொண்டிருந்தால் நாங்கள் கடலூரை எழுதியிருப்போம், அது பிழையாகியிருக்கும். நாங்கள் மாதிரி எடுத்தது மே மாதத்தின் இரண்டாம் வாரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு. நாட்டுப்படகுகள் கொண்டுவரும் மீன் அந்தந்த ஊர்த் தேவைக்கே போதாது. மேற்குக் கடற்கரையில் தடை ஜூன் 1-ஆம் தேதிதான் தொடங்கி ஜூலை 31 வரை இருக்கும். ஆகவே மே மாதத்தில் சேலத்துக்கு வரும் மீனில் பெரும்பகுதி கேரளத்திலிருந்தோ மங்களூருவிலிருந்தோ வந்ததாகத்தான் இருக்க வேண்டும். மாணவி மறுபடியும் சந்தைக்குப் போய் மொத்த வியாபாரியிடம் கேட்டபோது, அது மங்களூரு லோடு என்றும், பெட்டிகள் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டே இருக்கும் என்றும், எழுத்தைப் பார்த்து மீனைச் சொல்ல முடியாது என்றும் அவர் விளக்கினார். சாளை மட்டும் அன்று வேறு வண்டியில் வந்ததாம். சில்லறை வியாபாரிதான் இரண்டையும் ஒரே பெட்டியில் கொட்டியிருக்கிறார்.

இதிலிருந்து நான்காவது மாதிரியின் நிலை தெளிவாகியது. ஓம்புயிரி இறந்ததும் சிமோதோயிட்கள் பிடியைத் தளர்த்தி ஊர்ந்து போவதுண்டு. கலந்து கிடக்கும் மீன் குவியலில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதும் நடக்கும். பெட்டியின் அடியில் கிடந்த உயிர் எந்த மீனுடையது, எந்த வண்டியில் வந்தது, எந்தக் கடலுடையது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை அந்த ஐஸ் நீரோடு போய்விட்டது. பழைய நூல்களில் காணப்படும் வியப்பூட்டும் ஓம்புயிரிப் பதிவுகளில் சில, இப்படிப்பட்ட பெட்டிகளில் பிறந்தவையாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மங்களூருவில்

மேற்குக் கடற்கரைத் தடை முடிந்த பின், ஆகஸ்டில் மேற்குக் கடற்கரை விரைவு ரயிலில் நானும் மாணவியும் மங்களூரு சென்றோம். பந்தர் மீன்பிடித் துறையில் ஏலம் தொடங்குமுன், படகிலிருந்து இறங்கும் கானாங்கெளுத்திகளை வாங்கி, ஒவ்வொரு மீனையும் தனித்தனிப் பையில் கட்டினோம். ஒரு மீனின் ஒட்டுண்ணி இன்னொன்றின் கணக்கில் சேராமல் காக்க அதைவிட எளிய வழி இல்லை. விடுதி அறையிலேயே செவுள் மூடியை மெல்லத் தூக்கி, உயிர் அமர்ந்திருக்கும் நிலையிலேயே படமெடுத்து, இடமா வலமா என்று குறித்து, பிறகே இடுக்கியால் எடுத்து 95 விழுக்காடு எத்தனாலில் இட்டோம். செவுள் இழைகள் அந்த உயிரின் உடல் அழுத்திய இடத்தில் தேய்ந்து குட்டையாகியிருந்ததைப் படங்களில் தெளிவாகக் காணலாம். நீண்ட காலம் அங்கேயே தங்கியிருந்ததற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. ஒரே அறையில் பெண்ணும் ஆணும் இருந்த மீன்களும் கிடைத்தன.

சேலம் திரும்பிய பின் செய்த வேலை மெதுவானது. முதிர்ந்த பெண் ஒன்றின் ஒரு பக்கத்து வாயுறுப்புகளை ஊசி முனையால் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கண்ணாடித் தகட்டில் ஏற்றினோம். உணர்கொம்புகள், தாடையும் அதன் மூன்று கணு நீட்சியும், தாடைக்கால், ஏழிணைப் பற்றுக்கால்கள், நீந்துகால்கள், வால்துடுப்புகள் என எல்லாவற்றையும் நுண்ணோக்கியில் பொருத்திய, பிம்பத்தைத் தாளின் மேல் காட்டி வரைய உதவும் கேமரா லூசிடா வழியாக வரைந்தோம். ஒளிப்படம் எல்லாவற்றையும் ஒரே அழுத்தத்தில் காட்டும். வரைபவருக்கோ எந்த முள் இருக்கிறது, எது இல்லை என்பதை ஒவ்வொரு கோட்டிலும் முடிவு செய்தே ஆக வேண்டும். கேரளத்தின் என். கிருஷ்ண பிள்ளை, கடல்மீன்களின் கோபிபாட் என்ற இன்னொரு வகை ஓட்டுடலி ஒட்டுண்ணிகளைப் பற்றி எழுதி 1985-இல் இந்திய விலங்கியல் அளவைத் துறை வெளியிட்ட தொகுதியின் படங்களை மாணவர்களுக்கு நான் காட்டுவது இதனால்தான். மாணவி ஒரு தாடைக்காலை நான்கு முறை வரைந்தார். மூன்றாம் முறை வரைந்ததில் இருந்த ஒரு முள், நான்காம் முறை பார்த்தபோது ஒட்டியிருந்த தூசி என்று தெரிந்தது.

முடிவு ஐயத்துக்கு இடமில்லாமல் வந்தது. உடல் எந்தப் பக்கச் செவுள் அறையில் இருந்ததோ அதற்கேற்பவே முறுக்கியிருந்தது. புதிய மாதிரிகளில் வால்தகட்டின் பின்விளிம்பு சீராக வளைந்திருந்தது; சந்தை மாதிரிகளின் பள்ளம் நசுங்கியதால் வந்ததே. வாயுறுப்புகளும் கால்களும் நோரிலேகா இண்டிகாவின் விவரிப்புகளோடு ஒத்துப்போயின. இன்னொரு நிறுவனத்து நண்பர்கள் உதவியால் பெற்ற, விலங்குச் சிற்றினங்களை அடையாளம் காணப் பயன்படும் சி.ஓ.ஐ. மரபணு வரிசையும் பொதுத் தரவுத்தளத்தில் அந்தப் பெயரில் உள்ள வரிசைகளோடு பொருந்தியது. தரவுத்தளத்தில் பெயர் தவறாக இடப்பட்ட வரிசைகளும் கிடப்பதால், உருவவியலை முதலிலும் மரபணுவைப் பின்னாலும் வைத்தே நாங்கள் முடிவெடுத்தோம். மே மாதத்து மூன்று மாதிரிகளும் புதியவை அல்ல; 1840-இல் பெயர் பெற்றவையே.

நான்காவது மாதிரி

மீதமிருப்பது ஐஸ் நீரில் கிடந்த அந்த ஒன்று. அது முறுக்கமற்ற, தட்டையான உடல் கொண்டது. உடல் கண்டங்களின் பின்மூலைகள் கூராக நீண்டும், வால்துடுப்புகள் வால்தகட்டைத் தாண்டியும் இருப்பதால், மீனின் புறத்தோலைப் பற்றி வாழும் நெரோசிலா பேரினம் என்பது வரை சொல்ல முடிகிறது. அதற்கு மேல், நாங்கள் ஒப்பிட்டுப் பார்த்த எந்த விவரிப்போடும் அது முழுதாகப் பொருந்தவில்லை.

இதையாவது விவரிக்கலாம் என்று மாணவி வாதிட்டார். அவர் வாதம் வலுவானது. வகையிடம் தெரியாத மாதிரியை வைத்துப் பெயரிடக் கூடாது என்று விதித்தொகுப்பு தடுக்கவில்லை. பழைய அருங்காட்சியகங்களில் இடம் குறிக்கப்படாத வகைமாதிரிகள் பல உள்ளன. ஒரே மாதிரியைக் கொண்டு பெயரிடுவதும் விதிப்படி செல்லும். ஆனாலும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. நெரோசிலா, உடல் அளவுக்கும் வயதுக்கும் ஓம்புயிரிக்கும் ஏற்பப் பெரிதும் வேறுபடும் பேரினம்; அந்த வேறுபாடுகளைத் தனித்தனிச் சிற்றினங்களாக எண்ணிச் சூட்டிய பெயர்களைப் பின்னால் வந்தவர்கள் ஒன்றோடொன்று சேர்ப்பதற்கே பல ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்திருக்கிறது. கானாங்கெளுத்திகளின் செவுளில் பார்த்த மூன்று வேறுபாடுகளும் மூன்று மாதத்தில் கரைந்துபோனதைக் கண்ட பிறகு, ஓம்புயிரியும் கடலும் தெரியாத ஒரே உயிரின் வேறுபாட்டை நம்ப என்னால் இயலவில்லை. எங்கே, எதன் மேல் வாழ்ந்தது என்பது தெரியாவிட்டால், இன்னொருவர் அதே இடத்துக்குப் போய், அதே மீனைப் பிடித்து, நாங்கள் சொன்னது சரியா என்று பார்க்க வழியில்லை.

மாணவி இப்போது மாதம் இருமுறை சந்தைக்குப் போகிறார். மொத்த வியாபாரி, எந்த வண்டி எங்கிருந்து வந்தது என்பதை அவருக்காக ஒரு நோட்டில் எழுதி வைக்கிறார். மீன் அரியும் அம்மா, பூச்சி உள்ள மீனைச் செவுளைத் தொடாமல் முழுதாக எடுத்து ஓரமாக வைக்கிறார். சாளையின் மேலும் பாரையின் மேலும் நெரோசிலாக்கள் சில கிடைத்துள்ளன, அவை எவையும் நான்காவது மாதிரியைப் போல் இல்லை. அந்த மாதிரி ஒரு சிறு குப்பியில், எங்கள் அலமாரியின் இரண்டாம் தட்டில் இருக்கிறது. குப்பிக்குள் இட்ட பென்சில் எழுத்துச் சீட்டில் மாணவி எழுதியிருப்பது: நெரோசிலா, சிற்றினம் தீர்மானிக்கப்படவில்லை, ஓம்புயிரி தெரியாது, கடல் தெரியாது, சேலம், சூரமங்கலம் மீன் சந்தை, பெட்டியின் அடியில்.